சென்னைக்கு நகரச் சதுக்கம் ஏன் இல்லை, மெரினா எப்படி அந்த இடத்துக்கு வந்தது

கேள்வி இதுதான்: பல நகரங்களில் நடுவே ஒரு சதுக்கம் இருக்கிறது. ஊர் கூடுவதும் கொண்டாடுவதும் கோபப்படுவதும் அங்கேதான். சென்னையில் அப்படி ஓர் இடம் ஏன் இல்லை? முன்பு இருந்து அழிந்துபோனதா, இல்லை ஆரம்பத்திலிருந்தே கிடையாதா?

சுருக்கமான பதில்: யாரும் திட்டம் போட்டு ஒரு சதுக்கத்தை அமைக்கவில்லை. நகரின் நடுவில் இருந்த ஒரே பெரிய வெட்டவெளியும் பீரங்கிகளுக்காக ஒதுக்கப்பட்டது. பிறகு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டப்போய், கடல் தானாக ஒரு திடலைக் கொண்டுவந்து சேர்த்தது. மக்கள் அதில் உட்கார்ந்து பேசிப் பேசி அதை ஊர்ப் பொதுவிடமாக்கினார்கள். அதுதான் மெரினா. அதை வெறும் கடற்கரையாக, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வரும் இடமாக மட்டும் பார்த்தால் பாதி வரலாறு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோட்டையிலிருந்து தொடங்க வேண்டும். 1639-40இல் கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டையைத் தொடங்கியபோது, அதன் வடக்குச் சுவரை ஒட்டியே நெசவாளர்களும் வணிகர்களும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்புத் தரகர்களும் குடியேறிய ஊர் வளர்ந்தது. கம்பெனிக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்று அழைத்தார்கள். இன்று உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடம்தான் அது. வீடுகள், கடைகள், சென்னகேசவப் பெருமாள் கோயில் எல்லாம் அங்கே இருந்தன. 1746இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது. கோட்டைச் சுவருக்கு அருகில் வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் மறைந்துகொண்டு முன்னேறிவிடுவான் என்று, சுவரை ஒட்டிய பகுதியை இடித்துத் தள்ளினார்கள். 1749இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் திரும்பி வந்தது. அவர்களும் அதே கணக்கைப் போட்டு, மிச்சத்தையும் இடித்தார்கள். கோயிலும் தப்பவில்லை. அப்புறம் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில் இன்றைய பூக்கடைப் பகுதியில் அது மீண்டும் எழுந்தது. சென்னகேசவரும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்து இருக்கும் இரட்டைக் கோயில் அதுதான்.

இடித்த இடத்தில் கிடைத்த வெளிக்கு எஸ்பிளனேடு என்று பெயர். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-59இல் மறுபடி முற்றுகையிட்டுப் பார்த்த பிறகு, அந்த வெளியின் தேவை ஆங்கிலேயருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. இதற்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்களை நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக இன்றும் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சென்னைக்கு நடுவில் சதுக்கம் அமையாமல் போனதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே அவ்வளவு பெரிய இடம் இருந்தது. ஆனால் மக்கள் கூடுவதற்காக அது விடப்படவில்லை. பீரங்கிக் குண்டு தடையில்லாமல் பாய்வதற்காக விடப்பட்டது. கோட்டையைத் தாக்க யாரும் வராத காலம் வந்ததும் அந்த வெளியில் கட்டடங்கள் எழுந்தன. 1892இல் உயர் நீதிமன்றம் அங்கே குடியேறியது.

புதுச்சேரியை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே ஆளுநர் மாளிகைக்கு எதிரில் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த சதுக்கம்தான் இன்றைய பாரதி பூங்கா. நகர வரைபடத்தில் அதற்கென்று இடம் விட்டிருந்தார்கள். சென்னையோ பல ஊர்கள் ஒட்டிச் சேர்ந்து வளர்ந்த நகரம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், எழும்பூர், புரசைவாக்கம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூடுமிடம் உண்டு: கோயில் வாசல், தேரோடும் வீதி, குளக்கரை. ஆனால் அந்த இடங்களில் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ்நாட்டில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் யார் நடக்கலாம், யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. எல்லோரும் ஒரே தரையில் உட்காரும் பொதுவிடம் என்று அவற்றைச் சொல்ல முடியாது. மெரினாவின் அருமையைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. புதிதாக வந்து சேர்ந்த மணலுக்குப் பரம்பரை உரிமை கொண்டாட யாரும் இல்லை.

புதிதாக வந்து சேர்ந்த மணல் என்றேன். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் நடுமுடிச்சு அதுதான்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது பலகைகள் வளைந்து கொடுக்கும், உடையாது. அப்படியும் படகு கவிழ்வதும் சரக்கு கடலோடு போவதும் வழக்கமாக இருந்தது. 1870களின் நடுவில்தான் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், ஒரு புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள்.

இதில் யாரும் எதிர்பார்க்காத அளவில் நடந்தது ஒன்று உண்டு. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் திசை மாறும். கணக்குப் பார்த்தால் வடக்கு நோக்கிப் போவதுதான் அதிகம். அந்த மணல் ஆற்றுக்குக் குறுக்கே துறைமுகச் சுவர் அணைபோல் நின்றது. தெற்கிலிருந்து வந்த மணல் எல்லாம் சுவரில் முட்டிக் குவியத் தொடங்கியது. இன்றைய காமராஜர் சாலைக்கு மிக அருகில் இருந்த கடல், ஆண்டுக்கு ஆண்டு விலகிப் போனது. இன்று சில இடங்களில் சாலையிலிருந்து தண்ணீரைத் தொட மணலில் முந்நூறு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கிறது.

தெற்கே சேர்ந்தது வடக்கே குறைய வேண்டும் அல்லவா? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மணல் வரத்து நின்றுபோய்க் கடல் கரையைத் தின்றது. குடியிருப்புகளும் தெருக்களும் போயின. இன்று வடசென்னைக் கரை நெடுகப் பாறாங்கல் சுவரைப் பார்க்கலாம். தென்பக்கத்துக்காரர்கள் காற்று வாங்கும் மணல் ஒவ்வொன்றும் வடபக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. மெரினாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அந்த மணல்வெளியை ஒட்டி உலாவும் பாதை அமைத்தார். 1884இல், சிசிலித் தீவில் பார்த்த கடற்கரைகளின் நினைவில், அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். அந்தப் பாதை யாருக்காக என்பதில் சந்தேகமில்லை: மாலையில் குதிரை வண்டியில் வரும் துரைமாருக்கும் துரைசானிகளுக்கும்.

அதன் மேற்குப் பக்கம் ஏற்கெனவே பெரிய கட்டடங்கள் வரிசையாக எழுந்திருந்தன. 1768இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கட்டிய சேப்பாக்கம் அரண்மனை அவற்றில் மூத்தது. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அந்தப் பட்டத்தை ஒழித்தது. 1859இல் அரண்மனை ஏலத்துக்கு வந்தபோது அரசே வாங்கிக்கொண்டது. அப்புறம் சிசம் என்ற கட்டடக் கலைஞரின் காலம். மாநிலக் கல்லூரியும் 1870களில் கட்டிய பல்கலைக்கழக செனட் மண்டபமும் அவர் கைவண்ணம். தெற்கே வட்டமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கிப் பேசினார். 1914இல் ராணி மேரி கல்லூரி வந்தது.

ஆக ஒரு பக்கம் அரசு அலுவலகமும் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும்; பின்னால் நடக்கும் தூரத்தில் திருவல்லிக்கேணி, அதன் மாணவர் விடுதிகள், அச்சகங்கள், பத்திரிகை அலுவலகங்கள்; எதிரே காலியாகக் கிடக்கும் பெரிய மணல்வெளி. நகரச் சதுக்கம் என்றால் என்னென்ன வேண்டுமோ அத்தனையும் தானாகவே வந்து அமைந்துவிட்டது. குறைந்தது ஒன்றுதான்: பேச ஆரம்பிக்க ஆள்.

1907 மே மாதம் அந்தக் குறை தீர்ந்தது. வங்கத்திலிருந்து சுதேசி இயக்கத் தலைவர் விபின் சந்திர பாலை வரவழைத்தார்கள். சென்னையில் அதற்கு ஏற்பாடு செய்தவர்களில் சுப்பிரமணிய பாரதியும் ஒருவர். அரங்குகளில் நடந்தால் அனுமதி வேண்டும், வாடகை வேண்டும், இடத்துக்குச் சொந்தக்காரர் அரசுக்குப் பயப்படாதவராக இருக்க வேண்டும். கடற்கரையில் இது எதுவும் வேண்டாம். விபின் சந்திர பாலின் சொற்பொழிவுகளைக் கேட்க மாணவர்கள் மணலில் குவிந்தார்கள். அதற்கப்புறம் சுதேசிக் கூட்டங்கள் கடற்கரையின் வாடிக்கையாகிவிட்டன. மாநிலக் கல்லூரிக்கு எதிரே கூட்டம் நடந்த மணல்பரப்புக்குத் திலகர் பெயரை மக்களே வைத்தார்கள். திலகர் கட்டம், திலகர் திடல் என்று அது பேர் வாங்கியது. ஆளுநர் வைத்த பெயர் மெரினா. அதற்குள்ளேயே ஊர் வைத்த பெயர் திலகர் திடல். இரண்டும் சில பத்தாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடல் காற்றில் குரலை நூறு அடி தள்ளிக் கொண்டுபோவதே பாடு. தொண்டை வலுவும் சொல் வலுவும் சேர்ந்தவர்கள் மட்டுமே அங்கே நிலைத்தார்கள். திரு.வி.க., சத்தியமூர்த்தி போன்றவர்களின் மேடைத் தமிழ் பதம்பெற்ற இடங்களில் இந்தக் கரைக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. தமிழ் மேடைப் பேச்சின் வரலாற்றைத் தனியாக எழுதினால் அதில் ஒரு பெரிய அத்தியாயம் கடற்கரைக்குத்தான்.

1919 மார்ச்சில் காந்தி சென்னை வந்து ராஜாஜி வீட்டில் தங்கியிருந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி எல்லோருக்கும் தெரியும். பாரதி நேராக உள்ளே போய், அன்று மாலை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தான் பேசும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டார். காந்திக்கு அன்று வேறு வேலை. மறுநாள் ஆகுமா என்றார். ஆகாது என்று சொல்லிவிட்டு, அவர் தொடங்கப்போகும் இயக்கத்தை வாழ்த்திவிட்டு வந்துவிட்டார் பாரதி. இதைச் சொல்கிறவர்கள் பாரதியின் துணிச்சலைச் சொல்வார்கள். நான் கவனிப்பது கடற்கரையை. ஒரு கவிஞன் தன் கூட்டத்துக்கு யாரிடமும் மண்டபம் கேட்காமல், மாலையில் போய் நின்றால் ஆள் சேரும் என்ற நம்பிக்கையோடு இருந்தான். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது அந்த இடம்.

1920 ஆகஸ்ட் 12 அன்று காந்தியே அந்த மணலில் நின்றார். மாநிலக் கல்லூரிக்கு எதிரே, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டிருந்ததாகப் பதிவாகியிருக்கும் கூட்டத்தில் ஒத்துழையாமை இயக்கத்தை விளக்கினார். கல்லூரியை விட்டு வெளியே வாருங்கள் என்ற இயக்கத்தின் அழைப்பை, கல்லூரி வாசலுக்கு எதிரிலேயே நின்று சொல்ல முடிந்தது. இடத்தின் அமைப்பு அப்படி.

1923 மே 1 அன்று பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடினார். இரண்டு கூட்டங்கள்: ஒன்று உயர் நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர், அந்தக் கரைக்கு உரியவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காங்கிரஸ் தலைவர்கள் பிரகாசமும் நாகேசுவர ராவும் முன்னின்றார்கள். அந்த ஏப்ரல் 27 அன்று திருவல்லிக்கேணிக் கரையில் கூடியவர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தி உயிர்களைப் பறித்தது. 1938 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கால்நடையாகக் கிளம்பிய இந்தி எதிர்ப்புத் தமிழர் படை, ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டு, செப்டம்பர் 11 அன்று சென்னை வந்து சேர்ந்ததும் இந்தக் கடற்கரைக்குத்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்தப் படையோடு நடந்துவந்தவர். அன்றைய கடற்கரைக் கூட்டத்தில்தான் ‘தமிழ்நாடு தமிழருக்கே’ என்ற முழக்கத்தைப் பெரியார் வைத்தார்.

பாருங்கள், காங்கிரஸ், பொதுவுடைமை, திராவிட இயக்கம் என்று தமிழ்நாட்டு அரசியலின் மூன்று பெரிய கிளைகளும் இதே மணலில் பேசியிருக்கின்றன. வேறெந்த இடத்துக்கும் இந்தப் பெருமை இவ்வளவு முழுமையாக வாய்க்கவில்லை. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949இல் கொட்டும் மழையில் தி.மு.க. பிறந்தது, அதுவும் பெரிய நிகழ்ச்சிதான். ஆனால் அது ஒரு கட்சியின் நினைவிடம். கடற்கரை எல்லாக் கட்சிக்கும் பொது.

அரசியல் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1930இல் சென்னை மாநகராட்சி சொந்தமாக வானொலி ஒலிபரப்பு தொடங்கியபோது, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுக் கேட்க வைத்தது. வானொலிப் பெட்டி வாங்க முடியாத குடும்பம் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டது. சபாவுக்குள் போக முடியாதவருக்கும் அங்கே இடம் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு மெரினா சிலைகளுக்குரிய இடமாக மாறியது. முதலில் வந்தவற்றில் ஒன்று, 1959 ஜனவரியில் திறந்த உழைப்பாளர் சிலை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. கொஞ்ச நேரம் ஒதுக்கி அதைச் சுற்றி வந்து பாருங்கள். நான்கு ஆட்கள் ஒரு பெரும் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பில் கச்சை மட்டும். ஒருவர் முகத்திலும் வெற்றிச் சிரிப்பு இல்லை. முதுகும் தொடையும் இறுகி, எடை முழுவதும் முன்னங்காலில் இறங்கியிருக்கிறது. பாறை இன்னும் நகரவில்லை. நகரப் போகும் கணம் அது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் நான்கு உடம்பும் ஒரே சாய்கோட்டில் விழுவது தெரியும். பேர் சொல்லி வணங்க வேண்டிய தலைவர் யாரும் அதில் இல்லை. முதல் மே தினம் கண்ட கரைக்கு இதைவிடப் பொருத்தமான சிலை கிடைக்காது. அதே ஆண்டில் வந்த காந்தி சிலையும் அவர் செய்ததே.

1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி ஒரு வரிசையே வந்தது: திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. ஒரு மொழி தன் சொந்தக்காரர்களையும் வெளியிலிருந்து வந்து சேவை செய்தவர்களையும் ஒரே சாலையில் நிறுத்தி வைத்தது நல்ல காரியம். அதில் கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, பெரிய சர்ச்சைக்குப் பின் ஆட்சி மாறியதும் 2006 ஜூனில் திரும்ப வந்தது.

1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். லட்சக்கணக்கானோர் கூடிய அந்த இறுதி ஊர்வலம் கடற்கரை மணலில் முடிந்தது. அவர் உடலை அங்கேயே நல்லடக்கம் செய்தார்கள். 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கருணாநிதி என அடுத்தடுத்து வந்தன. கருணாநிதிக்கு இடம் தர அரசு முதலில் மறுத்து, இரவோடு இரவாக வழக்கு நடந்து, மறுநாள் காலை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. மெரினாவில் இடம் என்பது தமிழக அரசியலில் எவ்வளவு பெரிய மரியாதையாகிவிட்டது என்பதற்கு அந்த ஒரு இரவு போதும்.

இந்த நினைவிடங்களை மக்கள் உள்ளன்போடு வந்து பார்க்கிறார்கள்; வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள் முதலில் கேட்பதே அண்ணா சமாதியும் எம்.ஜி.ஆர். சமாதியும் எங்கே என்றுதான். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நினைவிடம் வளர வளர அதன் சுற்றுச்சுவரும் தோட்டமும் காவலும் கூடவே வளர்கின்றன. உட்கார்ந்து பேசுகிற மணல் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. இனி புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்று தயங்காமல் சொல்வேன்.

கூட்டங்களுக்கு என்ன ஆயிற்று? 1970களிலிருந்து சீரணி அரங்கம் என்ற நிரந்தர மேடை கடற்கரையில் இருந்தது. பெரிய கட்சிக் கூட்டங்கள் பலவும் அங்கே நடந்தன. 2003இல் அதை இடித்துவிட்டார்கள். அத்தோடு மெரினாவில் பொதுக்கூட்டம் என்பதே அற்றுப்போனது. போக்குவரத்து நெரிசல், பாதுகாப்பு என்று காரணங்கள் சொன்னார்கள். தலைமைச் செயலகத்துக்குப் போகிற, பல்கலைக்கழகம் இருக்கிற சாலையில் நெரிசல் உண்மைதான். ஆனாலும் அரசின் கண்ணெதிரே கூடுவதற்கு உள்ள மதிப்பு, ஊருக்கு வெளியே மைதானத்தில் கூடினால் வராது.

இந்தக் கதையில் மீனவர்களை ஓரத்தில் வைத்துவிட்டுப் போக முடியாது. அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் மக்களுக்கு அது உலாவும் இடம் அல்ல, தொழிற்களம். வலை காய்வதும் கட்டுமரம் ஏற்றி வைப்பதும் அந்த மணலில்தான். கிராண்ட் டஃப் பாதை போடுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கடலோரம் அவர்கள் கையில்தான் இருந்தது. அழகுபடுத்தல் என்ற சொல் வரும்போதெல்லாம் அடி விழுவது அவர்களுக்கு. 1985 இறுதியில் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு இறங்கியபோது எதிர்ப்பு மூண்டு, துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே வளைவுச் சாலையோர மீன்கடைகளை அகற்றியபோதும் பெரும் போராட்டம் நடந்தது. பிறகு 2024இல் புதிய மீன் அங்காடி திறந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆழிப்பேரலை வந்தபோது நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளும் சிக்கினார்கள். ஆனால் வீட்டையும் படகையும் வலையையும் சேர்த்து இழந்தவர்கள் குப்பத்து மக்கள்.

இனி 2017க்கு வருவோம். சல்லிக்கட்டுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையை நீக்கக் கோரி ஜனவரி 17 அன்று விவேகானந்தர் இல்லத்துக்கு, அதாவது அந்தப் பழைய ஐஸ் ஹவுஸுக்கு, எதிரே சிறு கூட்டமாக இளைஞர்கள் உட்கார்ந்தார்கள். அன்றிரவு தெருவிளக்குகள் அணைந்தன. அவர்கள் செல்போன் விளக்கை உயர்த்திப் பிடித்தார்கள். அந்தப் படம் ஒரே இரவில் தமிழ்நாடு முழுக்கப் போனது. அடுத்த நாட்களில் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் இரவிலும் அங்கேயே இருந்தார்கள். பிள்ளைகளே போக்குவரத்தைச் சரிசெய்தார்கள், சாக்குப் பையோடு குப்பை பொறுக்கினார்கள். வீடுகளிலிருந்து சோறும் தண்ணீரும் வந்தன. சல்லிக்கட்டு பற்றி நீங்கள் எந்தக் கருத்து வைத்திருந்தாலும் சரி, ஊர் தன் சதுக்கத்தை எப்படிப் பயன்படுத்தும் என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது. ஜனவரி 21இல் அவசரச் சட்டம் வந்தது. 23 அதிகாலையில் போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. ஒரு பகுதியினர் கடலோரத்துக்கு ஓடி அலையில் நின்றார்கள். தப்பி வந்தவர்களுக்குக் குப்பத்து மக்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. அன்று மாலைதான் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது.

அதற்குப் பிறகு ஏதாவது ஒரு விஷயத்தில் கொந்தளிப்பு வந்தால் முதலில் மெரினாவில்தான் போலீஸ் இறங்குகிறது. 2018இல் காவிரிக்காக ஒருநாள் உண்ணாவிரதத்துக்கு உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அனுமதி கொடுத்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இப்போது போராட்டம் என்றால் வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் விருந்தினர் மாளிகைப் பக்கம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். 1888ஆம் ஆண்டு சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும். காந்தி பேசிய மணலில் இன்று ஒலிபெருக்கி இல்லாமல்கூடக் கூட்டம் போட முடியாது. ஆண்டில் சில நாட்களாவது, நேரம் வரையறுத்து, அனுமதி தரலாம். எந்தப் பெரிய நகரமும் இதை ஒழுங்காக நடத்திக் காட்ட முடியும்.

ஆகவே உங்கள் கேள்விக்குத் திரும்ப வந்தால்: சென்னைக்குச் சதுக்கம் இருந்தது, இருக்கிறது. கூடுவதற்கான உரிமைதான் அதிலிருந்து கழன்றுவிட்டது.

அரசு கூப்பிட்டால் மட்டும் கூட்டம் சேரலாம் என்ற நிலை. குடியரசு நாள் அணிவகுப்பு நடக்கிறது. 2024 அக்டோபர் 6 ஞாயிறன்று விமானப்படை சாகச நிகழ்ச்சிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாகக் கணக்கிட்டார்கள். வெயிலில் நிழல் இல்லை, போதிய தண்ணீர் இல்லை, திரும்பிப் போக வண்டி இல்லை. ஐந்து பேர் இறந்தார்கள். கூடுவது ஆபத்து என்று அதிலிருந்து சிலர் முடிவெடுக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு: சதுக்கத்தைச் சதுக்கமாக நினைத்துத் தயார் செய்யவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன், 2022 நவம்பரில், சக்கர நாற்காலியில் வருபவர்கள் அலைவரை போக மரப்பாதை போட்டார்கள். முதல் முறையாகக் கடலை அருகில் பார்த்தவர்கள் அழுதார்கள். டிசம்பர் மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். அந்த அளவு அக்கறையை மற்றவற்றிலும் காட்டலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ பாதை வந்துகொண்டிருக்கிறது. அது ஓட ஆரம்பித்தால் வடபழனியிலிருந்தும் போரூரிலிருந்தும் நேராக இங்கே வந்து இறங்குவார்கள். அதற்குள் சாலையோரம் நிழல் மரமும் குடிநீர்க் குழாயும் பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறையும் வேண்டும். திலகர் திடலில் வாரம் ஒரு மாலையாவது யாரும் எழுந்து நின்று பேச அனுமதியும் வேண்டும்.